காவிப்பாறையில் வைக்க வேண்டிய ரேகை

இதை எனக்கு முதன்முதலில் சொன்னவள் மிக்கேலம்மாள்தான். இந்தத் தபசுகாலத்தின் மூன்றாம் வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, கோயில் கிணற்றடியில் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் சொன்னாள். அவள் காவிப்பாறைக்குப் போய்வந்து அப்போது இரண்டு நாள்கூட ஆகவில்லை. அவள் மனசு போன வழியிலேயே நானும் போகிறேன். அதைவிட்டு நேர்வழியாகச் சொன்னால் அது அவள் கதையாக இருக்காது.

வத்தலக்குண்டில் ஒன்பதரை மணி மலைப் பஸ்ஸில் ஏறி, சன்னலோரமாக உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டதும் மிக்கேலம்மாள் தன் வலது கைக் கட்டைவிரலைத்தான் பார்த்தாள். சாம்பல் போட்டுப் பாத்திரம் தேய்த்துத் தேய்த்து ரேகை மழுங்கிப்போன விரல். ரேஷன் கடை மிஷின்கூட மூன்று தரம் நாலு தரம் துடைத்து வைத்தால்தான் இவளை இவள் என்று ஒத்துக்கொள்ளும். இந்த விரலைத்தான் மகள் கேட்டிருக்கிறாள். பத்து நாளைக்கு முன்னால் போனில், "யம்மா, உன்னைப் படமா வரைஞ்சிருக்கேன், பெரிய படம், என் உயரம் இருக்கும், நீ வந்து பாத்துட்டுப் பின்னால ரேகை வைக்கணும், இங்க அதான் வழக்கம், ரேகை இல்லாம வெளிய மாட்ட முடியாது" என்றாள் பிலோமி. என்னத்தை வரைஞ்ச என்று கேட்டதற்கு, "அடுப்படியில உக்காந்திருக்க. நானும் இருக்கேன், சின்னப் பிள்ளையா. வந்துதான் பாரேன்" என்று சிரித்தாள். சிரித்தாளா, அல்லது மூச்சு விட்டது சிரிப்பு மாதிரிக் கேட்டதா? அடுப்படி. சின்னப் பிள்ளை. பத்து நாளாக இந்த இரண்டும் நெஞ்சில் மீன் முள் மாதிரி நிற்கிறது, சோறு இறங்கினாலும் அது இறங்கவில்லை. அடுப்படியில் எத்தனையோ நாள் உட்கார்ந்திருக்கிறாள், முப்பது நாற்பது வருசத்து நாட்கள், தோசை சுட்ட நாள், கண்ணெரிந்த நாள், சும்மா உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிய நாள். அதில் எந்த நாளை வேண்டுமானாலும் வரையலாமே. ஏன் அந்த நாளாகத்தான் இருக்கவேண்டும்? இருக்காது. பஸ் கிளம்பியது. மாதாவே, இருக்கக்கூடாது.

அந்த நாளை அவள் முழுசாக நினைப்பதில்லை. ஓரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிடுவாள், சூடான பாத்திரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுக்கிற மாதிரி. ஆனால் பஸ் அடிவாரத்துப் புளியமரங்களைத் தாண்டி முதல் வளைவில் ஏறியபோது உடம்பு ஒருபக்கமாகச் சாய்ந்தது, அந்தச் சாய்வில் எல்லாம் சரிந்து முன்னால் வந்துவிட்டது. வீட்டை மந்திரித்து ஆசீர்வதிக்கப் பெரிய சாமியார் வருகிற நாள். அவள் புருஷன் சந்தியாகு, ரயில்வேயில் கேங்மேன், முந்தின நாள் லீவு போட்டு முன்சுவருக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார். மாதா படம் மாட்ட ஆணிகூட அடித்துவிட்டார். காலையில் அவர் சாமியாரைக் கூட்டிவரப் போயிருந்தார். இவள் சாம்பாருக்குக் கடுகு தாளித்துக்கொண்டிருந்தாள். வாசலில் இருந்து நாத்தனார் குரல்: "வந்து பாரு உன் மக செஞ்சிருக்கிறதை. நல்லா வளக்குறீங்க பிள்ளையை." இவள் எட்டிப் பார்த்தாள், வெள்ளைச் சுவர் முழுக்கக் கரிக்கோடு. கையில் கரிக்கட்டையோடு பிலோமி, நாலரை வயது, சிரித்துக்கொண்டே அடுப்படிக்குள் ஓடிவந்து "யம்மா, வா, வந்து பாரு" என்று சேலையைப் பிடித்து இழுத்தாள். கரி பட்ட கை, புதுச் சேலை, வாசலில் நாத்தனார், வரப்போகிற சாமியார், கையில் கொதிக்கிற தாளிப்புக் கரண்டி. அவள் அந்தச் சின்னக் கையைப் பிடித்தாள். கரிக்கட்டை பிடித்த கையை. புறங்கையில் வைத்தாள். ஒரு வினாடிதான். ஒரு மங்கள வார்த்தை ஜெபத்தில் பாதிகூடச் சொல்ல முடியாத நேரம். எந்தத் தராசில் போட்டாலும் ஒரு வினாடிக்கு எடை இல்லை என்று அவள் முப்பது வருசமாகத் தனக்குச் சொல்லிப் பார்க்கிறாள், தராசுதான் இறங்கிக்கொண்டே இருக்கிறது.

கத்தல் கேட்டு எல்லோரும் வருவதற்குள் கரண்டி கீழே கிடந்தது, பிள்ளை மடியில் கிடந்தது, இவள் ஊதிக்கொண்டிருந்தாள். "அடுப்புல கையை வச்சிட்டா" என்றாள். அந்தச் சொல் வாயிலிருந்து எப்படி வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. தயாராக உள்ளே உட்கார்ந்திருந்தது போல வந்தது. பிள்ளைக்கு நாலு நாள் காய்ச்சல். காய்ச்சல் விட்டு எழுந்தபோது கையைப் பார்த்து, "யம்மா, ஏன் வலிக்குது?" என்று கேட்டது. அப்போது சொல்லியிருக்கலாம். "அடுப்புல வச்சிட்ட பாப்பா" என்றாள். பிள்ளை நம்பியது. பக்கத்து வீட்டுக்கெல்லாம் போய்க் கட்டுப் போட்ட கையை நீட்டிக் காட்டி, "நான் அடுப்புல வச்சிட்டேன்" என்று பெருமையாகச் சொன்னது. பார்த்தவன் ஒருத்தன் மட்டும்தான், மூத்தவன் இன்னாசி, எட்டு வயது, அடுப்படி நிலைப்படியில் நின்றிருந்தான். அன்று சாயங்காலம் கிணற்றடியில் வந்து, "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேம்மா" என்றான். எட்டு வயதுப் பையன் அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு அது. அவன் இப்போது திருப்பூரில் கம்பெனி சூப்பர்வைசர், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். போன கிறிஸ்துமஸுக்கு வந்தவன் மொட்டைமாடியில் தங்கச்சியோடு உட்கார்ந்து ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தான்; இவள் முறுக்குத் தட்டோடு ஏறிப்போனதும் இரண்டுபேரும் பேச்சை நிறுத்தினார்கள். ஏன் நிறுத்தினார்கள்? அம்மா வந்தால் பிள்ளைகள் பேச்சை நிறுத்துவது உலகத்தில் நடக்காததா? நிறுத்தினார்கள். அப்புறம் தைமாதம் பிலோமி மலைக்குப் போனாள், மாசியில் போன் பண்ணினாள், உன்னை வரைஞ்சிருக்கேன் என்றாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று படியேறுகிற மாதிரி இருக்கிறது இது. இன்னாசி சொல்லிவிட்டான். சொல்லியிருக்க மாட்டான். சொல்லியிருந்தால் அவன் குரல் மாறியிருக்கும், நேற்றுக்கூடப் போனில், "என்னம்மா, படமெல்லாம் வரைஞ்சு மாட்டப் போறாங்க, பெரிய ஆளாயிட்ட" என்று கேலி பண்ணினானே. சொன்னதை மறைக்கத்தான் கேலி பண்ணினானோ.

ஐந்தாவது வளைவிலோ ஆறாவதிலோ பஸ் நின்று ஒரு கனத்த மனுஷி கீரை மூட்டையோடு ஏறினாள். கண்டக்டர், "பெருமாயக்கா, மூட்டைக்கும் டிக்கெட் எடுக்கணும்" என்றான். "உன் மடியில எடம் குடு, எடுக்குறேன்" என்றாள் அவள். பஸ்ஸே சிரித்தது. சிரித்துக்கொண்டே வந்து மிக்கேலம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருக்கையில் முக்கால் பங்கு அவளுக்குப் போயிற்று.

"எங்க தாயி, காவிப்பாறைக்கா? படம் வாங்கவா?"

"இல்ல. மக இருக்கா அங்க."

"யாரு? நம்ம பிலோமியா? முடியை ஒட்ட வெட்டிக்கிட்டிருக்கே, கழுத்துல சின்னதா சிலுவை?" என்று முழுசாகத் திரும்பினாள். "அட, மூக்கைப் பாத்தே கேட்டிருக்கணும். அது என் மெஸ்ஸுலதான் சாப்பிடுது. ரசத்தைக் குடிச்சிட்டு டம்ளரை வரையும். கழுவக் குடு பிள்ளைன்னா, இரு அக்கா நிழல் நகர்ந்துரும்ங்கும். நான் பெருமாயி. நீ ரேகை வைக்க வர்ற தாயிதானா? நான்தானே சாட்சி!"

சாட்சி.  சாட்சி எதுக்கு என்று மிக்கேலம்மாள் கேட்டாள். பெருமாயி சொன்னாள், பஸ் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தி. ஊர் பழைய ஊர், முந்நூறு வருசமோ நானூறு வருசமோ, பாளையக்காரர் காலத்தில் மண்டபத்துக் கூரையில் சித்திரம் எழுதக் குடியேற்றிய சனம். பாறையில் கிடைக்கிற காவிக்கல்லை அரைத்துத்தான் அப்போது எழுதினது. அதில் ஒருத்தன் ஒரு பெண்ணின் முகத்தை அவளுக்கே தெரியாமல் கூரையில் எழுதிவிட்டான், ஊரே நிமிர்ந்து பார்த்தது, அவள் சுனையில் விழுந்தாள். "நடந்துச்சோ என்னமோ, எங்க ஊருல அப்படிச் சொல்றது. அன்னையில இருந்து, யாரை எழுதினாலும் அந்த ஆளு வந்து பாக்கணும். ஊராள் ஒருத்தர் பக்கத்துல நின்னு, இது நீதானான்னு கேக்கணும். நான்தான்னா காவியைத் தொட்டுப் பின்னால ரேகை. நானில்லைன்னா அன்னைக்கே சுரண்டிறணும். மெட்ராஸு, கேரளான்னு எங்கெங்க இருந்தோ வந்து குடியிருக்காங்களே இப்ப, அவங்களுக்கும் அதான். என்னையும் ஒருத்தன் எழுதினான். மூக்கைப் பூசணிக்கா மாதிரி போட்டிருந்தான். நானில்லைன்னுட்டேன். எங்க வீட்டுக்காரரு கண்ணாடிய எடுத்துட்டு வந்து மூஞ்சிக்கு நேரா நீட்டிட்டாரு, பாவி. அப்புறம் வச்சேன்."

மிக்கேலம்மாள் சிரிக்கப் பார்த்தாள். உதடு மட்டும் போயிற்று. "பொய் சொல்லி ரேகை வச்சா?"

"வச்சா என்ன, சாமி கண்ணைக் குத்திருமா? ஒண்ணும் ஆகாது." பெருமாயி கீரை மூட்டையைக் காலால் தள்ளிக்கொண்டாள். "படம் மட்டும் அங்கேயே இருக்கும். போற வர்ற சனமெல்லாம் அதைப் பாத்து நீன்னு நெனச்சுக்கும்."

அதற்குத்தானே பயப்படுகிறாள். அவளுக்குப் போற வர்ற சனம் ஒவ்வொருவராகத் தெரிந்தார்கள், சுற்றுலா வேனில் வருகிறவர்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், நம் கோயில் பங்கில் இருந்து யாராவது, நாத்தனார் மகள், கையில் செல்போன். படத்தில் ஒரு பொம்பளை பிள்ளையின் கையைப் பிடித்து வைத்துக்கொண்டு கரண்டியை வைக்கிறாள். கரண்டி இருக்குமா படத்தில்? இருந்தால் நானில்லை என்று சொல்லிவிடலாம். சொன்னால் இன்றைக்கே சுரண்டிவிடுவார்கள், ஊர் வழக்கம். சுரண்டுகிறவள் பிலோமியாகத்தானே இருப்பாள், அந்தக் கையாலேயே. அது பொய்யும் ஆகும். பொய் சொன்னால் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்ல வேண்டும். சொல்லி என்ன, இதுக்கு முன்னால் சொன்னதே இன்னும் தீரவில்லையே. அந்த நாளுக்கு அடுத்த சனிக்கிழமையே சொன்னாள். பெரிய சாமியார் தட்டிக்கு அந்தப்பக்கம் இருந்து கேட்டார். அப்புறம், "மூணு ஜெபமாலை அபராதம். அதோட, பிள்ளைக்கு விவரம் தெரிஞ்ச பிறகு நீயே அதுகிட்டச் சொல்லணும்" என்றார். மூன்று ஜெபமாலையை அன்று சாயங்காலமே முழந்தாளில் இருந்து முடித்துவிட்டாள். மற்றது நிற்கிறது. நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து காரியம் வேணும் என்று ஞானோபதேச வகுப்பில் படித்தவள்தான். ஐந்தாவது காரியம் அபராதம் தீர்ப்பது. தீர்க்காத அபராதத்தோடு முப்பது வருசமாக நற்கருணை வாங்குகிறாள். விவரம் தெரிகிற வயது எது என்று சாமியார் சொல்லாமலே செத்துப்போனார். பிள்ளை முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை அன்று சொல்லலாமென்று இருந்தாள். வெள்ளைக் கவுனைப் போட்டுக்கொண்டு பிள்ளை சிறகு முளைத்த சம்மனசு மாதிரி நின்றது, மனசு வரவில்லை. பெரியவளான அன்றைக்கா சொல்வது? ஓவியக் கல்லூரிக்குச் சண்டை போட்டுக்கொண்டு போன அன்றைக்கா? சந்தியாகு செத்து நாற்பதாம் நாள் பூசை முடிந்து இரண்டுபேரும் தனியாக இருந்தபோது வாய் வரைக்கும் வந்தது, பிலோமி அந்தக் கையாலேயே இவள் கண்ணைத் துடைத்தாள், விழுங்கிவிட்டாள். இவள் சொல்லாமல் விட்டதைத்தான் அவள் வரைந்துவிட்டாள் போலிருக்கிறது. காது அடைத்தது. பஸ் மேலே வந்துவிட்டிருந்தது.

காவிப்பாறையில் பிலோமி பஸ் நிற்கிற இடத்துக்கே வந்திருந்தாள். சட்டையில் பச்சையும் நீலமும் காய்ந்திருந்தது. "யம்மா" என்று வந்து பையை வாங்கினாள். மிக்கேலம்மாள் அவள் முகத்தைப் படிக்கப் பார்த்தாள். தெரிந்த முகமா, தெரியாத முகமா? கோபம் இருக்கிறதா? எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள் அடித்தல் திருத்தல் கடிதத்தைப் பார்க்கிற மாதிரி இருந்தது. "என்னம்மா அப்படிப் பாக்குற? முடி வெட்டினதுக்கா?" என்றாள் மகள். "இல்ல, இளைச்சிட்ட" என்றாள். பெருமாயி மூட்டையை இறக்கிவிட்டு, "இளைக்கலை தாயி, என் சோத்தைக் குறை சொல்லாத. நான் உலையை வச்சிட்டு வந்துர்றேன், நான் வராம திரையை எடுத்துராதீங்க" என்று கத்திக்கொண்டே போனாள். ஏறுமுகமாகக் கல் பாவிய தெரு. இரண்டு பக்கமும் கல்வீடுகள், ஒவ்வொரு வீட்டு வெளிச்சுவரிலும் படங்கள், ஊரே படத்தைக் கொடியில் காயப்போட்ட மாதிரி. டர்பன்டைன் வாசனையும் சாம்பிராணி வாசனையும் கலந்து வந்தது. ஒரு வீட்டு முன்னால் ஒரு பெண்பிள்ளை அம்மியில் காவிக்கல்லை அரைத்துக்கொண்டிருந்தாள், மசாலா அரைக்கிற மாதிரியே. வெளியூர்க்காரர்கள் நின்று நின்று பார்த்தார்கள், போட்டோ எடுத்தார்கள், ஒருத்தர் ஒரு கிழவனார் படத்துக்கு முன்னால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மாட்டிக் கழற்றி நின்றார். மிக்கேலம்மாள் எல்லாப் படத்திலும் தன்னைத் தேடினாள். அதோ அடுப்பு முன்னால் ஒரு பொம்பளை. இல்லை, அது வேறு யாரோ, காதில் தண்டட்டி போட்டிருக்கிறாள். அதோ ஒரு கை; இல்லை, அது வேர். அதோ குழந்தை, அதன் கையில் காயமில்லை, பழம்தான். ஒவ்வொன்றையும் தாண்டியபோது ஒரு மூச்சு வந்தது, அடுத்ததற்குள் நின்றது. பிலோமி மண்டபத்தைக் காட்டினாள், உள்ளே கூரையைக் காட்டினாள், "மேல பாரும்மா, அந்தா, மூலையில, அவதான்" என்றாள். இவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்தப் பெண்ணைப் பார்க்க இவளுக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. "கழுத்து வலி பாப்பா" என்றாள்.

வீடு ஒரே அறை, மேலே கண்ணாடி ஓடு இரண்டு. படம் சுவரில் சாய்த்து வைத்திருந்தது, மேலே பூப்போட்ட போர்வை. பிலோமி டீ போட்டுக் கொண்டுவந்தாள். டம்ளரை நீட்டிய புறங்கையில் அந்தத் தழும்பு, அவரைக்காய் நீளம், வெளுத்து வழுவழுப்பாக. பிள்ளை வளர வளர அதுவும் கூடவே வளர்ந்திருக்கிறது. டீயை எவ்வளவு மெதுவாகக் குடிக்கலாமோ அவ்வளவு மெதுவாகக் குடித்தாள். அண்ணன் போன் பண்ணானா என்று கேட்டாள். "எங்க பண்றான், கிறிஸ்துமஸுக்குப் பாத்ததுதான்." அன்னைக்கு மாடியில என்ன அப்படிப் பேசிக்கிட்டிருந்தீங்க? கேட்டேவிட்டாள். பிலோமி முகம் கொஞ்சம் சிவந்தது. "அதுவா. உனக்கு அறுபதாவது பிறந்தநாளுக்கு ஒண்ணும் செய்யலைன்னு. உனக்குக் கம்மல் எடுக்கலாமா, வேளாங்கண்ணி கூட்டிட்டுப் போலாமான்னு சண்டை." கம்மல். வேளாங்கண்ணி. அப்படியானால் இன்னாசி சொல்லவில்லை. எட்டு வயதில் கொடுத்த வாக்கை முப்பத்தெட்டு வயதிலும் காப்பாற்றுகிறான். நிம்மதி வரவேண்டும், வரவில்லை. அவன் அத்தனை வருசம் ஒற்றை ஆளாக அதைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறானே என்ற நினைப்புத்தான் வந்தது. அதற்குள் பெருமாயி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்துவிட்டாள். "ம், எடு பிள்ளை." பிலோமி போர்வையை எடுத்தாள்.

கரண்டி இல்லை. முதலில் அவள் தேடியது அதைத்தான், கண் படம் முழுக்க ஓடித் தேடியது, கரண்டி எங்கேயும் இல்லை. அடுப்பு இருந்தது, தணல் இருந்தது. தரையில் ஒரு இளம்பெண் உட்கார்ந்திருந்தாள், மடியில் பிள்ளை, பிள்ளையின் கையைத் தன் இரண்டு உள்ளங்கையிலும் குருவிக்குஞ்சு மாதிரி ஏந்தி, உதட்டைக் குவித்து ஊதிக்கொண்டிருந்தாள். பிள்ளை அழுது முடித்து அந்த ஊதலையே பார்த்துக்கொண்டிருந்தது. ஊதுகிற காற்று படத்தில் தெரிந்தது. எப்படி வரைந்தாளோ, தெரிந்தது. அந்தப் பெண்ணின் முகத்தில் இருந்த இரக்கத்தை மிக்கேலம்மாள் கோயிலில் மாதா சுரூபத்தில்தான் பார்த்திருக்கிறாள். "எனக்கு ஞாபகம் இருக்கிற முதல் விஷயமே இதுதாம்மா" என்று பிலோமி பின்னால் இருந்து சொன்னாள். "அதுக்கு முன்னால ஒண்ணுமே ஞாபகம் இல்ல. சுட்டது ஞாபகம் இல்ல, வலி ஞாபகம் இல்ல. நீ ஊதினது மட்டும் இருக்கு. எங்க போனாலும் அது இருக்கு."  தப்பித்தாகிவிட்டது. ஒருத்தருக்கும் தெரியாது, ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லை, பார்க்கிற சனமெல்லாம் ஆகா, தாய் என்றால் இவளல்லவா தாய் என்று சொல்லிவிட்டுப் போகும். ஒரு விரலைக் காவியில் தொட்டு வைத்தால் முடிந்தது. கிண்ணத்தில் காவி குழைத்து வைத்திருந்தது, பக்கத்தில். பெருமாயி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பஸ்ஸில் பேசின குரலாக இல்லாமல் வேறு குரலில், கோயிலில் வாசகம் வாசிக்கிற மாதிரி கேட்டாள்: "இது நீதானா?"

ஊதினது நான்தான். அது பொய்யில்லை, ஒரு மணி நேரம் ஊதினேன், தலை சுற்றுகிற வரைக்கும் ஊதினேன். வாழைக்குருத்துச் சுற்றினேன். நாலு நாள் மடியை விட்டு இறக்கவில்லை. நான்தான் என்று சொன்னால் அது பொய் இல்லையே. கையை நீட்டினாள். விரல் காவியில் பட்டது, சில்லென்று இருந்தது. அந்தச் சில்லிப்பில், படத்தில் பிள்ளை பார்க்கிற பார்வை அவளைப் பிடித்துக்கொண்டது. யாரைப் பார்த்துப் பயந்து அழவேண்டுமோ அவளிடமே பிள்ளை ஒதுங்கியிருக்கிறது. இந்த முகத்தைத்தான் மகள் முப்பது வருசமாக அம்மா என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள், இந்த முகத்தைத்தான் எங்கே போனாலும் கொண்டுபோகிறாள். அது இருக்கட்டுமே, அதைப் பிடுங்கி உனக்கு என்ன வரப்போகிறது, நீ பாவம் தீர்ந்து நிம்மதியாகச் சாக வேண்டும் என்பதற்காகப் பிள்ளை கையில் இருக்கிறதைப் பிடுங்குவாயா என்று ஒரு குரல். ரேகை வைத்துவிட்டால் அப்புறம் எந்த வயதிலும் சொல்ல முடியாது, இதை ஊர் முன்னால் நீயே கையெழுத்துப் போட்டு மூடிவிட்டாய் என்று ஆகிவிடும் என்று இன்னொரு குரல். இரண்டும் அவள் குரல்தான். இரண்டும் ஜெபம் பண்ணுகிறவள் குரலாகத்தான் இருந்தது, அதுதான் பயமாக இருந்தது. பெருமாயி மறுபடி கேட்டாள். "இது நீதானா தாயி?"

"ஊதினது நான்தான்," என்றாள் மிக்கேலம்மாள். "சுட்டதும் நான்தான்."

பெருமாயி வாசலைப் பார்த்தாள். பதில் வராமல் சாட்சி வெளியே போகக்கூடாது போலிருக்கிறது. போகாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிலோமி தன் புறங்கையைத் திருப்பிப் பார்த்தாள், வேறு யாருடைய கையையோ பார்க்கிற மாதிரி.

"அடுப்புல வச்சிட்டேன்னு..."

"அப்படி நான்தான் சொன்னேன். கரண்டியால சுட்டது நான்."

"எதுக்கும்மா?"

"சுவத்துல கரியால வரைஞ்சிட்ட. அப்பா சுண்ணாம்பு அடிச்ச சுவரு. வீடு மந்திரிக்கச் சாமியார் வர்ற நாளு."

முப்பது வருசமாக மிக்கேலம்மாள் இதற்கப்புறம் வருவதற்குத் தயாராகத்தான் இருந்தாள். பிள்ளை அழுதால் என்ன செய்வது, கத்தினால் என்ன, வெளியே போ என்றால் என்ன, எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருந்தாள். பிலோமி அழவில்லை, கத்தவில்லை. "என்ன வரைஞ்சிருந்தேன்?" என்று கேட்டாள்.

மிக்கேலம்மாள் நினைவில் அந்தச் சுவரைத் தேடினாள். வெள்ளைச் சுவர் வந்தது, கரிக்கோடுகள் வந்தன, ஈரச் சாக்கை வைத்து அவள் அவசரமாகத் தேய்த்தது வந்தது, சாம்பல் நிறமாகத் தண்ணீர் வழிந்தது வந்தது. கோடுகள் கூடி ஒன்றாக வரவில்லை. கோழியா, ரயிலா, ஆளா? வா, வந்து பாரு என்று பிள்ளை கூப்பிட்டதே, போய்ப் பார்க்கவில்லையே. "நான் பாக்கலை பாப்பா" என்றாள். "பாக்கவே இல்லையா?" "அழிச்சிட்டேன்." அப்போதுதான் பிலோமியின் வாய் கோணியது. சூட்டுக்கு வராத அழுகை இதற்கு வந்தது. திரும்பிக்கொண்டு நின்றாள், தோள் மட்டும் ஆடியது. மிக்கேலம்மாள் தொடப் போகவில்லை. ஊதிப் போகிற புண் இல்லை இது என்று அவளுக்குத் தெரிந்தது.

பெருமாயிதான் பேசினாள். "பிள்ளை, எனக்கு உலை கொதிக்குது. நான் கேட்டதுக்குப் பதில் வேணும்."

"இதுல பாதிதான் நான்" என்றாள் மிக்கேலம்மாள்.

"பாதிக்கெல்லாம் ரேகை கிடையாது தாயி. அப்படி ஒரு பதிலே எங்க ஊருல இல்ல. ஒண்ணு வை, இல்ல சுரண்டச் சொல்லு."

பிலோமி மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு திரும்பினாள். சுரண்டுகிற தகடு மேசையில்தான் இருந்தது. அதைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த கரித்துண்டை எடுத்துக்கொண்டு படத்துக்கு முன்னால் குந்தினாள். "எந்தக் கரண்டி?" என்றாள், திரும்பாமல். "தாளிக்கிற கரண்டி. இரும்பு." "காம்பு நேரா இருக்குமா?" "நுனி வளைஞ்சிருக்கும், ஆணியில மாட்டுறதுக்கு." "சுட்டுட்டு எங்க வச்ச?" "வைக்கலை. கீழ விழுந்துச்சு. என் முழங்காலுக்கிட்ட." அந்த இடத்தில் கரி தரையைக் கிழித்துக்கொண்டு போயிற்று, இளம்பெண்ணின் முழங்காலை ஒட்டி, சேலை மடிப்புக்குப் பக்கத்தில். "அவ்வளவு பெருசு இல்ல பாப்பா. சின்னது." விரலால் தேய்த்து அழித்துவிட்டு மறுபடி போட்டாள். "இப்ப?" "ம். இப்பச் சரி." மகள் ஒருதரம்கூட அவள் முகத்தைப் பார்க்கவில்லை. முகத்தில் ஒன்றையும் மாற்றவுமில்லை. ஊதுகிறவள் ஊதிக்கொண்டேதான் இருந்தாள், பக்கத்தில் கரண்டி கிடந்தது. "கலர் கொடுத்துக் காய இருபது நாள் ஆகும்" என்றாள் பிலோமி. "அப்ப வந்து பாரு. பாத்துட்டுச் சொல்லு." பெருமாயி, "அப்ப நானும் அன்னைக்கே வர்றேன்" என்று சொல்லிவிட்டு உலையைப் பார்க்கப் போனாள். இருந்து சாப்பிட்டுப் போ என்று மகள் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. இரண்டு மணி பஸ்ஸுக்கு மிக்கேலம்மாள் விரலில் காவியோடு தனியாக இறங்கி நடந்தாள். பத்தடி பின்னால் பிலோமி வந்தாள். பஸ் கிளம்பப்போனபோது பிலோமி வெளியே இருந்து சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல், பஸ்ஸின் தகரத்தைப் பார்த்து, "போய்ச் சேந்ததும் போன் பண்ணு" என்றாள்.

போன் பண்ணினாளாம். மகள் எடுத்தாளாம். சேர்ந்துட்டேன் என்றதற்குச் சரி என்றாளாம், அவ்வளவுதான். அதற்கப்புறம் பேச்சில்லை. "இனிமே யாரு கேட்டாலும் சொல்லு, எனக்கு மறைக்க ஒண்ணுமில்ல" என்று கிணற்றடியில் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் மிக்கேலம்மாள் போனாள். வருகிற செவ்வாய்க்கிழமையோடு இருபது நாள் முடிகிறது, அன்றைக்கு அவள் மறுபடி மலைக்குப் போகிறாள். குருத்தோலை ஞாயிறுக்கு ஓலை கிழிக்க நாமெல்லாம் கோயிலில் கூடுகிற நாளும் அன்றைக்குத்தான். அவள் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். அவளைக் காப்பாற்றுகிறதாக நினைத்து, உடம்புக்கு முடியவில்லை, அவசர வேலை என்று எதையாவது சொல்லிவிடாதீர்கள். மகளைப் பார்க்கப் போயிருக்கிறாள் என்று மட்டும் சொல்லுங்கள்.